மறுப்பு இல்லை என்று எழுதும்வரை

மகிழினியின் இரண்டு கைகளும் நெத்திலியில் இருந்தன. தலையைக் கிள்ளி, குடலோடு இழுத்து, உடம்பைச் சட்டியிலும் கழிவைக் காகிதத்திலும் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் வேகம் இருந்தது, கவனம் இல்லை. பாதி மீன் தலையோடு சேர்ந்து கழிவுக்குப் போனது. அவள் கண், அடுப்பு மேடையில் சுவரோடு சாய்த்து வைத்த போனில் இருந்தது.

போன் ஒளிர்ந்தது. முழங்கையால் தட்டினாள். திறக்கவில்லை. குனிந்து மூக்கால் தட்டினாள்.

"மூக்க வச்சாவது மெயில் படிச்சே ஆவணுமா?" என்று கட்டிலிலிருந்து அவள் அப்பா அசோகன் கேட்டார். பக்கவாதம் வந்த பிறகு அவர் பேச்சு ஒரு பக்கமாக இழுக்கும். கிண்டலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "சிஸ்டரு, அது இன்னான்னு பாத்து சொல்லுங்க. வெள்ளக்காரன் ஒத்துகினானா இல்லியான்னு தெரிஞ்சாத்தான் நமக்கு இன்னிக்கு கொழம்புல மீன் கீது."

நான் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கேஸ் சிலிண்டர் நாளை வருகிறது என்று செய்தி வந்திருந்தது.

வீட்டு நர்சிங் என் தொழில். அசோகனைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ராயபுரத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்கு வருகிறேன். மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம். அசோகன் கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்கியவர். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு மகளை அவரே வளர்த்துப் படிக்க வைத்தார். மகிழினி தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆனால் நான்கு வருடமாக அவள் அங்கே போவதில்லை. வீட்டிலிருந்தே ஓர் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்கு வேலை செய்கிறாள். அதற்குத்தான் கம்பெனி சம்பளம் தருகிறது.

டேட்டாபேஸ் என்பது தகவல்களை அடுக்கி வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். ஓப்பன் சோர்ஸ் என்றால் அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. உலகம் முழுக்க இருக்கிறவர்கள் ஒரு மெயில் லிஸ்டில் கூடிப் பேசுவார்கள். எல்லாப் பேச்சும் அந்த லிஸ்டில், எழுத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கும். விஷயம் தெரிந்த ஒருவர் காரணத்தோடு மறுத்தால், அந்தக் காரணத்துக்குப் பதில் கிடைக்கும்வரை வேலை நிற்கும்.

அசோகனுக்கு இது புரிந்ததே இல்லை.

"கை தூக்கறது, ஓட்டுப் போடறது ஒண்ணும் இல்லியா?"

"இல்ல நைனா."

"தலீவரு?"

"சேக்கற உரிமை இருக்கற மூத்தவங்க கொஞ்ச பேரு கீறாங்க. அவங்களும் தனியா முடிவு எடுக்க மாட்டாங்க. பேசிப் பேசித்தான்."

"தலீவரு இல்லாத யூனியன்னா பேசிகினேதான் இருப்பானுங்கோ."

"நாலு வருசமா அதான் நடக்குது," என்றாள் மகிழினி.

அவள் செய்துகொண்டிருந்த வேலையை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். அசோகனுக்குத் தினமும் ஒரு சார்ட் எழுதுகிறேன். ரத்த அழுத்தம், சிறுநீர், மலம். ஏப்ரலில் டாக்டர் சொன்னதால் சர்க்கரைக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். இப்போது ஒருவர் வந்து ஜனவரி சார்ட்டைக் கேட்கிறார் என்று வையுங்கள். மகிழினி சேர்க்கப் பார்க்கும் வசதி அதுதான்: அன்றைக்கு இருந்தது இருந்தபடி டேட்டாபேஸிடம் கேட்கலாம். சிக்கல் எங்கே என்றால், ஜனவரியில் சர்க்கரைக் கட்டமே இல்லை. அதைக் காலியாகக் காட்டுவதா, காட்டாமல் விடுவதா?

காலியாகக் காட்டலாம் என்பது மகிழினியின் திட்டம். அப்போதுதான் ஜனவரியையும் ஜூனையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியும். கூடாது என்றார் ஹாம்பர்க்கிலிருந்து யான் என்பவர். காலிக் கட்டத்தைப் பார்ப்பவர், நர்ஸ் அளக்க மறந்துவிட்டாள் என்றுதானே நினைப்பார், பழையதைப் பழைய வடிவத்திலேயே காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். இருவருக்கும் இடையே மாதக்கணக்கில் மெயில் போயிற்று, வந்தது.

அந்த டேட்டாபேஸ் வருடத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளியிடும். அதற்கு முன்பே ஒரு நாள் கதவை அடைத்துவிடுவார்கள், பிறகு புதிதாக எதுவும் நுழையாது. இந்த வருடம் அந்த நாள் நெருங்கிவிட்டது. அவளுடைய மேனேஜர் டில்லிபாபு போனில் பேசியதை நானும் கேட்டேன். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள்.

"மகி, நானும் வண்ணாரப்பேட்டக்காரன். உன் நெலம எனக்குத் தெரியாதா? ஆனா மேல இருக்கறவங்க கேக்கறாங்க. கஸ்டமருக்கு அந்தக் காலிக் கட்டம் வச்ச வசதிதான் வேணும். அவன் சாப்ட்வேர் பூரா அத்த நம்பித்தான் கட்டிகினு கீறான். இந்தத் தடவ உள்ள போவலன்னா இந்த வேலைய மூடிடுவாங்க. நீ சப்போர்ட் ஷிப்டுக்கு வந்தாவணும்."

"ஆபீசுக்கா?"

"ஆபீசுக்குத்தான். மத்தியான ஷிப்டு. வூட்டுக்கு வர எப்டியும் பத்து, பதினொண்ணு ஆயிடும்."

நான் நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவேன். அதற்குப் பிறகு அசோகனைப் புரட்ட, கழிவு எடுக்க, சோறு ஊட்ட மகிழினி ஒருத்திதான். இதுதான் நிலைமை.

அவசரத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். யானுக்கு வீடியோ கால் போட்டாள். மனிதர் மரியாதையாகப் பேசினார், நெடுநேரம் பேசினார்கள். கடைசியில், இதோடு என்னால் காலம் தள்ள முடியும், நான் குறுக்கே நிற்கவில்லை என்றார். அவள் அன்றைக்குப் பிரியாணி வாங்கி வந்தாள். எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிறகு லிஸ்டில் எழுதினாள்: யானும் நானும் பேசிவிட்டோம், விஷயம் முடிந்தது, இந்தத் திட்டத்தின்படியே மேலே போகிறேன்.

கூட்ஸ் யார்டில் வாய்ச்சொல்தான் சொல். டீக்கடை வாசலில் இரண்டு மேஸ்திரிகள் பேசி ஆளுக்கொரு டீ குடித்துவிட்டால் அது முடிந்த கதை. எழுதிக் கொடு என்று கேட்டால் அவமானம். எழுத்து என்பது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போதுதான் வரும். மகிழினி அந்த வீட்டில் வளர்ந்தவள். லிஸ்டில் நான்கு வருடம் இருந்தும், பதற்றம் வந்ததும் வீட்டு வழக்கம்தான் கைக்கு வந்தது.

அந்த லிஸ்டின் வழக்கம் நேர் எதிரானது. அங்கே எழுதாத பேச்சு நடக்காத பேச்சு. ஒருவர் நேரில் பேசும்போது இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இன்னொருவருக்கு ஆங்கிலம் படிக்க வரும், வேகமாகப் பேச வராது. அவர்களுக்கும் இடம் வேண்டும் என்பதற்காகவே எல்லாம் எழுத்தில்.

மறுநாள் மெயில்கள் வந்தன. மூத்தவர் ஒருவர், வீடியோ காலில் சொன்ன காரணங்களை இங்கே எழுதுங்கள், எழுதாதவரை அவற்றைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார். யான், குறுக்கே நிற்கவில்லை என்றுதான் சொன்னேன், இது சரியென்று சொல்லவில்லை என்று எழுதினார். மூன்றாவது மெயில் பிரேசிலின் சாவ் பாவ்லோவிலிருந்து லூசியா என்ற பெண் அனுப்பியது. மருத்துவமனை ஒன்றின் தகவல்களைப் பராமரிப்பவள், லிஸ்டில் அபூர்வமாகத்தான் வாயைத் திறப்பாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: இரண்டு பேர் சேர்ந்து முடித்துவிட்டீர்கள் என்றால், நான் எழுதி வைத்திருக்கும் மறுப்பை அனுப்பலாமா, வேண்டாமா?

மகிழினி அந்த வரியை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்.

"மூஞ்சிக்கு நேரா சொன்னான் சிஸ்டர், காலம் தள்ளலாம்னு."

"அப்டி சொன்னா ஒத்துகினதா அர்த்தமா?" என்றார் அசோகன். "உங்கம்மா வைக்கிற கொழம்புக்கு நான் தெனம் அத்தத்தான் சொல்லிகினு இருந்தேன்."

"நைனா, சும்மா இரு."

"நான் படுத்துகினுதான் கீறேன். வேற இன்னா பண்ண?"

அதன்பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் அடுத்த நிமிடமே பதில் எழுதினாள். யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் பத்தி பத்தியாக விளக்கினாள். அவள் எழுத எழுத மற்றவர்கள் எழுதுவது குறைந்தது. லூசியா கேட்ட கேள்விக்கும், தாராளமாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, அதே மெயிலில் தன் திட்டம் ஏன் சரி என்று நீளமாக எழுதிவிட்டாள். லூசியாவிடமிருந்து அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

வீட்டில் நிலைகொள்ளாமல் திரிந்தாள். நின்றபடி சாப்பிட்டாள். தட்டைக் கழுவாமல் லேப்டாப்புக்குப் போவாள், லேப்டாப்பைத் திறக்காமல் ஜன்னலுக்குப் போவாள். கீழே கூட்ஸ் வண்டி நிற்கும். பால் வாங்க இறங்குவாள், ரயில்வே கேட் மூடியிருந்தால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பால் வாங்காமல் திரும்பி வருவாள். போனைக் குளியலறைக்கும் எடுத்துப் போனாள்.

ஒரு காலையில் அசோகனைத் துடைக்கும்போது, இடது இடுப்பெலும்பின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு இருந்தது. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. படுக்கைப்புண் இப்படித்தான் தொடங்கும். நேற்று மாலையிலிருந்து அவரைப் புரட்டவில்லை என்று பொருள்.

"மகிழினி, இங்க வா. இதைப் பாரு."

பார்த்தாள். முகம் மாறியது.

"மெயிலு ஒரு நாள் காத்துக் கெடக்கும்," என்றேன். "தோலு கெடக்காது. இன்னிக்கு முழுக்க வலது பக்கமும் மல்லாக்கவும்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நீயே புரட்டு, நான் பாக்கறேன்."

"திட்டாதீங்க சிஸ்டரு," என்றார் அசோகன். "நானே கூப்புடல. அது யார்கிட்டயோ இங்கிலீஷ்ல சண்ட போட்டுகினு இருந்துச்சு. நடுவுல போனா என்னையும் இங்கிலீஷ்ல திட்டும்."

அன்று முற்பகலிலேயே இன்டர்நெட்டும் போய்விட்டது. தெருமுனையில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். அவள் போனிலும் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கேபிள்காரரைத் திட்டினாள், வடிகாலைத் திட்டினாள். பிறகு வேறு வழியில்லாமல் அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பழைய மெயில்கள் எல்லாம் லேப்டாப்பில் இறங்கியே இருந்தன. முதல் மெயிலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். பதில் அனுப்ப முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். நேரமானதும் எழுந்து அவரைப் புரட்டினாள், முதுகுக்குத் தலையணை வைத்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

லூசியா முன்பு எப்போதோ எழுதிய சின்ன மெயில்கள் சில அதில் இருந்தன. மகிழினி அப்போது அவற்றுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தாள். இப்போது ஒன்றுசேர்த்துப் படித்ததும் அந்தப் பெண் என்ன சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. அவளுடைய மருத்துவமனையில் நோயாளிகள் கேட்டுக்கொண்டதால் ஒரு கட்டத்தையே நீக்கியிருக்கிறார்கள். யான் சொல்கிறபடி பழையதைப் பழைய வடிவத்தில் காட்டினால், நீக்கிய கட்டம் திரும்ப எழுந்து வரும். அது யாருக்கும் தெரியக்கூடாத தகவல்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் சேர்த்துத்தான்.

"யான் சொல்றதும் கரெக்டு. லூசியா சொல்றதும் கரெக்டு. இவனுக்குச் சரி பண்ணா அவளுக்குத் தப்பாவுது. அவளுக்குச் சரி பண்ணா இவனுக்குத் தப்பாவுது."

"நீ சொன்னது?"

"நான் சொன்னது இன்னிக்குக் கீற கட்டத்த மட்டும்தான் காட்டும், அவளுக்கு ஒத்து வரும். ஆனா யான் சொல்றாப்பல பொய் சொல்லுது. சத்தமே இல்லாம."

"அப்போ இன்னாதான் பண்றது?"

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். "ரெண்டு பேரும் ஒரே ஒரு விசயம்தான் கேக்கறாங்க. தப்பான பதில அமுக்கமா குடுக்காதன்றாங்க. அப்போ கட்டம் மாறின எடத்துல பதிலே குடுக்கக் கூடாது. முடியாதுன்னு சொல்லிட்டு நின்னுடணும்."

"முடியாதுன்னு சொல்றதுக்கா நாலு வருசம்?"

"மத்த எடத்துலலாம் பதில் சொல்லும் நைனா. அந்த ஒரு எடத்துல மட்டும்தான் நிக்கும். இன்னிக்கு முடியாதுன்னு வச்சா, நல்ல வழி கெடச்ச அப்புறம் பதில் சேத்துக்கலாம். இன்னிக்கே ஒரு பதில் குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. ஊர்ல கீற கம்பெனி பூரா அத்த நம்பிடும்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "உங்க கஸ்டமருக்கு வேண்டியதே அந்தக் காலிக் கட்டம்தானே?"

"அதான்."

"அப்போ டில்லிபாபு?"

"ஷிப்டுதான் சிஸ்டர்."

அவளுக்கு இன்னொரு வழியும் இருந்தது, அதையும் அவளே சொன்னாள். யான் குறுக்கே நிற்கவில்லை என்று லிஸ்டிலேயே எழுதிவிட்டார். லூசியா மௌனமாக இருக்கிறாள். இன்னும் சில நாள் அழுத்திப் பிடித்தால், களைத்துப்போய் யாராவது ஒரு மூத்தவர் முழுத் திட்டத்தையும் சேர்த்தாலும் சேர்த்துவிடுவார். வேலையும் மிஞ்சும், வீட்டிலும் இருக்கலாம்.

அசோகன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "என்னிய சாக்கு வச்சுகினு தப்ப அனுப்பாத. என்னிய யாரு பொரட்டுவாங்கன்னு மட்டும் இப்பவே ஏற்பாடு பண்ணிக்க. சிஸ்டரு மறுபடி அங்க தொட்டுப் பாத்து திட்டினா என்னால தாங்க முடியாது."

மாலையில் கேபிளை ஒட்டிவிட்டார்கள். நான் அன்றைக்கு இடுப்புச் சிவப்பைப் பார்ப்பதற்காகத் தாமதமாகக் கிளம்ப இருந்தேன். மகிழினி மெயில் எழுதினாள், ஆறு மணியைத் தாண்டியும் எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டதற்குச் சுருக்கமாகச் சொன்னாள். முடிந்தது என்று நான் எழுதியது தவறு, அது முடியவில்லை. யானின் காரணம் இது. லூசியாவின் காரணம் இது. சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று நீங்கள் இருவரும் பார்த்துத் திருத்துங்கள். காலிக் கட்டத்தை நான் திரும்பப் பெறுகிறேன். கட்டம் மாறிய இடத்தில் டேட்டாபேஸ் பதில் தர மறுக்கட்டும். இதற்கு மறுப்பு உண்டா?

தன் திட்டம் ஏன் நல்லது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடி, அதன்மேல் துவைத்த துணிகளைக் குவித்து மடிக்கத் தொடங்கினாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

யானின் பதில் நான் செருப்புப் போடுவதற்குள் வந்துவிட்டது. அவர் காரணத்தை அவள் எழுதியதில் இரண்டு இடங்களைத் திருத்தியிருந்தார். இந்த வடிவத்துக்கு எனக்கு மறுப்பு இல்லை என்று முடித்திருந்தார். சற்றுப் பொறுத்து லூசியாவும் எழுதினாள். அவள் இதுவரை அனுப்பாமல் வைத்திருந்த நீளமான மெயில் அது. யாரும் யோசித்திராத இன்னொரு சிக்கலும் அதில் இருந்தது: ஒரு கட்டத்தை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொரு கட்டத்தைச் சேர்த்தால் என்ன ஆகும்? மகிழினி அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "என் திட்டம் உள்ள போயிருந்தா இந்த எடத்துல ஒருத்தன் தகவல் இன்னொருத்தன் பேர்ல வந்திருக்கும்," என்றாள். பதில் தர மறுத்தால் அந்தச் சிக்கலும் வராது. லூசியாவும் மறுப்பு இல்லை என்று எழுதியிருந்தாள்.

"ஒத்துகினாங்களா?" என்றார் அசோகன்.

"ஒத்துகினாங்க."

"அப்போ ஏன் மூஞ்சி அப்டி கீது?"

"நாளைக்கு வேல கீது நைனா. எழுதுன கோட்ல பாதி வெட்டணும்."

மறுநாள் காலை நான் வந்தபோது அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். காலிக் கட்டத்துக்காக எழுதிய கோட் முழுவதையும் நீக்கினாள், சோதனைகளை ஓடவிட்டாள், லிஸ்டுக்கு அனுப்பினாள். மூத்தவர்களில் ஒருவர், இதை நான் எடுத்துக்கொள்கிறேன், கதவு அடைப்பதற்குள் சேர்த்துவிடலாம் என்று பெயர் போட்டுக்கொண்டார். அதைப் படித்த கையோடு டில்லிபாபுவைக் கூப்பிட்டாள்.

"டில்லிண்ணா, உள்ள போவுது. ஆனா கஸ்டமருக்கு வேணுங்கறது அதுல இல்ல. நானே எடுத்துட்டேன்."

"யாரக் கேட்டு எடுத்த?"

"லிஸ்டுல கேட்டேன்."

"என்னக் கேட்டியா?"

"நீங்களும் லிஸ்டுல கீறீங்க. மறுப்பு இருந்தா எழுதியிருக்கலாம்."

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. "திங்கக்கெழம ரெண்டு மணிக்கு வந்துடு. ஒரு மாசத்துல வேற எதுனா வழி கீதான்னு பாக்கறேன். சத்தியம்லாம் பண்ண மாட்டேன்."

"அத்த மெயில்ல எழுதிடுங்க," என்றாள் மகிழினி.

பிறகு எதிர் வீட்டு ஜஹானாராவைக் கூட்டி வந்தாள். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவள், மாலையில் வீட்டைவிட்டுப் போகமாட்டாள். நான் என் நேரத்தை மாற்றிக்கொண்டேன்: காலையில் தாமதமாக வந்து ஆறரைவரை இருப்பேன். அதற்குப் பிறகு மகள் வரும்வரை ஜஹானாரா பார்த்துக்கொள்வாள். என்ன தருவது என்பதை அவர்களே தனியாகப் பேசிக்கொண்டார்கள்.

மகிழினி அசோகனின் முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, இழுக்காமல் உருட்டிக் காட்டினாள். தோலைத் தேய்த்துவிடக் கூடாது, போர்வையோடு சேர்த்து உருட்ட வேண்டும், இடுப்புச் சிவப்பு நேற்றைவிட மங்கியிருக்கிறது, அதை அழுத்தக் கூடாது என்று சொன்னாள்.

"அசோகண்ணா, வலிச்சா சொல்லணும்," என்றாள் ஜஹானாரா.

"மறுப்பு இருந்தா எழுதிக் குடுத்துடறேன்," என்றார் அவர்.

ஜஹானாரா முதல் தடவை புரட்டியபோது கை தவறி அவர் தலை கட்டில் கம்பியில் இடித்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. மகிழினி மூன்றாவது தடவையும் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். போன் ஸ்டூலிலேயே இருந்தது.